தேய்க்காமல் விட்ட பட்டை

பதினோரு வருடமாக நான் செம்புப் பட்டை தேய்த்தேன். வேலையின் பெயர் அப்படி இல்லை. நியமன ஆணையில் 'உலோகப் பரப்பு ஆயத்த உதவியாளர், நிலை இரண்டு' என்று இருந்தது. அதற்கு முன் ஒரு பாட்டில் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தேன். ஐந்து மாதம். ஒரு நாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதைத் துணிச்சல் என்று கொஞ்ச காலம் சொல்லித் திரிந்தேன். சோம்பல் என்றாள் அக்கா. அவள் சொன்னதுதான் நிலைத்தது.

நான் இருந்தது சான்றகத்தில். பயோடீசல் என்பது தாவர எண்ணெயிலிருந்து காய்ச்சி எடுக்கும் டீசல். அது ஒரு வண்டியின் டேங்க், குழாய், வால்வு, பம்ப் இவற்றிலுள்ள உலோகத்தை அரிக்குமா, அரிக்காதா என்று பார்த்துச் சான்று தருவது எங்கள் தொழில். முறை எளிது. விரல் நீளத்துக்கு ஒரு செம்புப் பட்டையை எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கண்ணாடிக் குழாயில் பயோடீசலை ஊற்றி அதில் பட்டையைப் போட்டு, வெதுவெதுப்பான தொட்டிக்குள் பத்து நாள் வைக்க வேண்டும். பதினோராம் நாள் எடுத்து, பட்டையின் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். பளபளப்பு அப்படியே இருந்தால் 'பொருந்தும்'. கறுத்திருந்தால் 'பொருந்தாது'.

பதினோரு வருடத்தில் ஒரு பட்டைகூடக் கறுத்ததில்லை. உலகத்தில் எந்தச் சான்றகத்துக்கும் இப்படி ஒரு சாதனை இருக்காது என்று இயக்குநர் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொல்வார். அப்போது நான் கடைசி வரிசையில் லேசாக நெளிந்து உட்காருவேன். அதில் என் பங்கும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு பங்கு என்றுதான் தெரியவில்லை.

அக்கா படகு ஓட்டுகிறாள். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் மோட்டார் படகு, முப்பது பேர் உட்காரலாம். அந்த வருமானத்தில்தான் வீடு ஓடுகிறது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் நானும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். பிள்ளைகள் படிக்கிறார்கள். எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

போன வருடம் எல்லாப் படகும் பயோடீசலுக்கு மாற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அக்கா மாறினாள். நான்கு மாதத்தில் நடு ஆற்றில் இரண்டு தடவை இன்ஜின் நின்றது. இரண்டாம் தடவை நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் தூணில் மோதியது. ஒருவருக்கு முன்பல் போனது. படகுப் போக்குவரத்து அலுவலகம் விசாரித்தது. எரிபொருளுக்குச் சான்று இருந்தது. டேங்குக்கு அடியில் இருந்த பித்தளை வால்வுக்கும் சான்று இருந்தது. சான்று இல்லாமல் அந்தப் படகில் இருந்தது அக்கா மட்டும்தான். ஆகவே குற்றம் அவளுடையது என்று முடிவானது. லைசென்ஸை ரத்து செய்யுமுன் கடைசியாக ஒரு விசாரணை நடக்க வேண்டும் என்பது விதி. மூன்று வாரம் கழித்து நாள் குறித்தார்கள்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, கழற்றிய வால்வை அதன்மேல் வைத்தாள் அக்கா.

"பாரு. என்னடா தெரியுது?"

வால்வின் வாய் முழுக்கப் பச்சைக் களிம்பு. பக்கத்தில் இருந்த ஃபில்டரை அமுக்கினால் கோந்து மாதிரி ஒன்று வழிந்தது.

"பச்சையா இருக்கு."

"அது எனக்கே தெரியுது. பதினோரு வருஷமா இதைத்தானே பாக்குறே நீ."

"எங்க ஆபீஸ்ல இப்படி வந்ததே இல்லக்கா. பட்டையெல்லாம் பளபளன்னு இருக்கும்."

"அப்ப என் வால்வுக்கு மட்டும் என்ன வயித்தெரிச்சல்?"

நான் ஃபில்டரை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"பித்தளைல பாதிக்கு மேல செம்புதான், இந்த எண்ணெய் செம்பைத் தின்னுது, கரைஞ்சது போய் எண்ணெயையும் கெடுக்குது, அதான் ஃபில்டர் அடைக்குதுங்குறாரு மெக்கானிக். ஸ்டீல் வால்வு போட்டா தீந்துதாம்."

"போட்டுட வேண்டியதுதானே."

"சான்று வாங்குன வால்வைக் கழட்டிட்டு வேற மாட்டுனா அதுக்குத் தனி கேஸ். பொருந்தலன்னு உங்க ஆபீஸ் ஒரு வரி எழுதிக் குடுக்கணும். அதை வாங்கிக் குடு. இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் கேக்குற மொத உதவி இதான்."

மறுநாள் அவளைச் சான்றகத்துக்கு அழைத்துப் போனேன். வரவேற்பு மேசைக்காரர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அதனால் என்னைத் தெரியாதது போலவே நடந்துகொண்டார். வால்வைப் பென்சிலால் தள்ளிப் பார்த்தார்.

"யூஸ் பண்ணதா?"

"படகுல இருந்து கழட்டுனது," என்றாள் அக்கா.

"யூஸ் பண்ண பொருளை நாங்க எடுக்குறதில்லம்மா. இது கெட்டுப்போயிருக்கு. கெட்டுப்போனதை வச்சுக்கிட்டு, இது கெட்டுப்போகுமான்னு எப்படிச் சோதிக்கிறது?"

"புதுசு கொண்டுவந்தா எடுப்பீங்களா?"

"புதுசு நல்லாத்தானே இருக்கும். அதை எதுக்குச் சோதிக்கணும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கடைசியில் படகின் டேங்கிலிருந்து பிடித்துவந்த எரிபொருளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதில் சான்றகத்தின் சொந்தச் செம்புப் பட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். விண்ணப்பத்தில் 'எரிபொருளோடு விண்ணப்பதாரருக்கு உள்ள தொடர்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. உற்பத்தியாளர், விற்பனையாளர், இறக்குமதியாளர் என்று மூன்று பேருக்குத்தான் இடம்.

"நான் இதை ஊத்திப் படகு ஓட்டுறவ," என்றாள் அக்கா.

மேசைக்காரர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊத்தி ஓட்டுறவங்க யாரும் இதுவரைக்கும் வந்ததில்லம்மா," என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் 'வழிப்போக்கர்' என்று எழுதினார்.

எந்த எரிபொருளுக்கும் இரண்டு பட்டை போடுவோம். முதலாவது சோதனைக்கு, இரண்டாவது சாட்சிக்கு. அக்காவின் எரிபொருளில் இரண்டையும் நானே போட்டேன். பத்து நாள் காத்திருந்தோம். படகு துறையில் கட்டிக் கிடந்தது. அக்கா வீட்டிலிருந்த எல்லாத் திருகாணிகளையும் இறுக்கினாள். சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. அந்தக் கலையை நான் ஒருவனே குடும்பத்தில் கற்றிருந்தேன்.

பதினோராம் நாள் காலை அக்கா வந்தாள். எங்கள் கூடத்துக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். வெளிப்படைத்தன்மைக்காக வைத்தது. விண்ணப்பதாரர்கள் அதற்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று பலகை உண்டு. ஒருவரும் நின்று பார்த்ததில்லை. முதல் ஆளாக அக்கா வந்து நின்றாள்.

நான் முதல் குழாயைத் திறந்து இடுக்கியால் பட்டையை வெளியே எடுத்தேன். வழக்கம்போல அது கறுப்பாக இருந்தது. ஓரங்களில் பச்சை. வழக்கம்போல மேசையில் வைத்து, வழக்கம்போல உப்புத்தாளை எடுத்து, முதலில் சொரசொரப்பானது, பிறகு நைசானது, கடைசியில் பஞ்சு என்று தேய்த்தேன். கறுப்புப் போனது. பச்சை போனது. பட்டை கண்ணாடி மாதிரி ஆனது. அதில் என் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் கண்ணாடிச் சுவரை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருக்கும் அக்காவும் தெரிந்தாள்.

வெளியே போனேன்.

"என்னடா பண்ணே இப்ப?"

"தேய்ச்சேன்."

"எடுக்குறப்ப கறுப்பா இருந்துச்சு. நான் பாத்தேன்."

"எப்பவும் அப்படித்தான் வரும். தேய்ச்சா சரியாயிடும்."

படிக்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல அக்கா நிதானமாகக் கேட்டாள். "எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவுத்துட்டு, இந்த வீட்ல யாரும் சாப்பிடலன்னு சொல்லுவியா நீ?"

பதினோரு வருடம் என் உள்ளங்கை பச்சையாக இருந்தது. நகக்கண்ணில் பச்சை. கைக்குட்டையில் பச்சை. இது சத்துக் குறைவாக இருக்கும் என்று டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது, அக்காவின் வேலை போகப்போகிறது என்று தெரிந்த பிறகும், அதைத் தடுக்கக்கூடிய ஆதாரத்தை என் கையாலேயே, ரசித்து, மூன்று வகைத் தாள் போட்டு அழித்திருந்தேன்.

"அது விதிக்கா," என்றேன்.

விதிதான். புத்தகத்தில் 'சோதனைக்கு முன் பட்டையை மெருகேற்ற வேண்டும்' என்று இருக்கிறது. நான் சேர்ந்த வருடம் அதைப்பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். சோதனை என்பது பட்டையை ஊற வைப்பதா, எடுத்துப் பார்ப்பதா என்று கேள்வி. ஊற வைப்பது நான். பார்ப்பது அதிகாரி. நிலை இரண்டு உதவியாளர் செய்யும் காரியத்தைச் சோதனை என்று சொல்லிவிட்டால், படித்துப் பட்டம் வாங்கியவர்கள் செய்வதற்கு என்ன பெயர் வைப்பது? மூன்று மணி நேரம் விவாதித்து, பார்ப்பதுதான் சோதனை, அதற்கு முன் நடப்பதெல்லாம் வெறும் வைப்பு என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஆகவே பார்ப்பதற்கு முன்னால் தேய்க்க வேண்டும் என்றானது. அந்தக் கூட்டத்தில் நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். தீர்மானம் நிறைவேறியபோது தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன்.

"இன்னொரு குழாய் இருக்குல்ல?" என்றாள் அக்கா.

"இருக்கு."

"அதைத் தொடாதே. கையைக் கட்டிக்க. சும்மா இரு. அதான் உனக்கு நல்லா வருமே."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பார்வை. நிறம் பார்க்கும் அதிகாரியின் அறைக்குத் தட்டில் இரண்டு பட்டையையும் கொண்டு போனேன். ஒன்று பளபளத்தது. மற்றது எண்ணெய் வடிய, கறுத்து, ஓரம் பச்சையாகக் கிடந்தது. என் கை தானாக உப்புத்தாளைத் தேடியது. தேய்க்க வேண்டும் என்ற அரிப்பிலா, பயத்திலா என்று எனக்கே விளங்கவில்லை.

அதிகாரி முதல் பட்டையைப் பார்த்தார். "பொருந்தும்" என்று எழுதினார். வண்ண அட்டையை அவர் எடுக்கவில்லை. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கிவிடும் என்பதால் அட்டை இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. திறக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அதனால் அவர் நினைவிலிருந்துதான் ஒப்பிடுவார். அட்டை இன்றும் புதிதாகவே இருக்கிறது.

இரண்டாவது பட்டையைக் கண்டதும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"என்ன இது?"

"சாட்சிப் பட்டை சார்."

"இப்படியா கொண்டுவருவாங்க? எண்ணெய் வடியுது."

"எண்ணெய்லதான் சார் ஊறுச்சு."

"தேய்க்கலையா?"

"தேய்க்கல சார். தேய்ச்சா என்ன நடந்துச்சுன்னு தெரியாதுல்ல."

"என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் நான் எதுக்குப்பா? இருபது வருஷ அனுபவம் எதுக்கு? வர்றவன் போறவன்லாம் பாத்துச் சொல்லிடுவானே கறுப்புன்னு."

இயக்குநரை அழைத்தார். இயக்குநர் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பட்டையைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று விசாரித்தார். என் பக்கம் திரும்ப வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

"தம்பி, நீ இங்க எத்தனை வருஷம்?"

"பதினோரு வருஷம் சார்."

"அப்ப உனக்குப் புரியும். பொருந்தலன்னு இன்னிக்கு ஒரு தடவை எழுதுனா, பொருந்தும்னு இதுவரைக்கும் எழுதுன ஆயிரத்து எழுநூறையும் எடுத்துப் படிக்கணும். இந்தக் கட்டடத்துல யாருக்கு அவ்வளவு நேரம் இருக்கு? ஜனங்க நம்மகிட்ட உண்மைக்காகவா வர்றாங்க? உண்மை அவங்கவங்க டேங்க்ல இருக்கு, திறந்தா தெரியும். நம்மகிட்ட சான்றுக்கு வர்றாங்க. அது வெளிய எங்கயும் கிடைக்காது. அந்த ஒண்ணை நாம ஒழுங்கா குடுக்கணும்."

"எங்க அக்காவுக்கு லைசென்ஸ் போயிடும் சார்."

"போகட்டும்னு நான் சொல்லல. விதிப்படி போகட்டும்னுதான் சொல்றேன்."

அன்று மாலையே அக்காவுக்குச் சான்று கொடுத்துவிட்டார்கள். முதல் பட்டையின்படி அவளுடைய எரிபொருள் செம்புக்கும் செம்பு கலந்த உலோகங்களுக்கும் முற்றிலும் பொருந்தும். அவள் அதை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

எனக்குத் தனியாக ஒரு கமிட்டி உட்கார்ந்தது. என் குற்றம் எவ்வளவு பெரியது என்று அளக்க வேண்டியிருந்தது. பட்டை எவ்வளவு கறுத்திருந்ததோ அவ்வளவு பெரிய அலட்சியம் என்று ஒரு உறுப்பினர் யோசனை சொன்னார். அதற்கு வண்ண அட்டை தேவைப்பட்டது. மூன்று கையெழுத்துப் போட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். அட்டையில் பளபளப்பு நிறத்தில் தொடங்கி ஆரஞ்சு, கருஞ்சிவப்பு, சாம்பல், கறுப்பு என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. அதிகாரி குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு நிறம் இருக்கா?" என்றார் மெதுவாக. "மொதல் கட்டம் மட்டும்தான் எனக்கு ஞாபகம்."

என் பட்டையைக் கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டே போனார்கள். கடைசிக் கட்டத்தில் போய் நின்றது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கொலைகாரனைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

சான்றகத்தில் எந்தக் கடிதமும் மூன்று மாதத்துக்குக் குறைந்து வெளிவராது. மெமோ மட்டும் மறுநாளே வந்துவிடும். எனக்கு வந்ததை இயக்குநரே வாய்மொழியாகச் சொல்லி எழுத வைத்திருந்தார். குற்றத்தில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று ஒன்றுவிடாமல் சேர்த்திருந்தார்.

'படகு எரிபொருளில் பத்து நாள் வைக்கப்பட்டு, அதன் விளைவாக முழுப் பரப்பும் கறுத்து, ஓரங்களில் பச்சைக் களிம்பு படிந்து, வண்ண அட்டையின் கடைசிக் கட்டத்தை எட்டியிருந்த செம்புப் பட்டையை, அந்நிலையை மறைக்க எவ்வித முயற்சியும் எடுக்காமல், அப்படியே உயர் அதிகாரிகளின் பார்வைக்கு வைத்து, அவர்களுக்கு மனவருத்தம் உண்டாக்கியதற்காக, உம்மை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும்.'

கீழே மூன்று கையெழுத்து, சிவப்பு முத்திரை.

வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தேன். அக்கா வந்து காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். இன்னொரு தடவை, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது ஒரிஜினல்தானே?" என்றாள்.

"ஆமா."

"மூணு கையெழுத்தும் பேனாவுல போட்டதுதானே?"

"ஆமா. ஏன்?"

"எந்திரி. ஜெராக்ஸ் கடை மூடிடப் போறான்."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பாதி வழி நடந்த பிறகுதான் விளங்கியது.

விசாரணை படகுப் போக்குவரத்து அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. விசாரிக்க வந்த அம்மாவுக்கு நல்ல ஜலதோஷம். சான்றகத்தின் சார்பில் நிறம் பார்க்கும் அதிகாரி வந்திருந்தார். அவர் சான்றை மேசையில் வைத்தார். அக்கா மெமோவை அதன் பக்கத்தில் வைத்தாள். அந்த அம்மா இரண்டையும் படித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டும் உங்க ஆபீஸ் குடுத்ததா?"

"ஆமா மேடம்," என்றார் அதிகாரி.

"ரெண்டும் ஒரே எரிபொருளைப் பத்தினதா?"

"ஆமா மேடம்."

"இதுல பொருந்தும்னு இருக்கு. அதுல முழுசா கறுத்துடுச்சுன்னு இருக்கு."

"ரெண்டும் சரி மேடம். கறுத்தது தேய்க்காததால."

"தேய்ச்சிருந்தா?"

"கறுத்ததே தெரிஞ்சிருக்காது. எங்க முறைல இதுவரைக்கும் அப்படி ஒரு குறை வந்ததில்ல."

"சரி. படகு நடு ஆத்துல போறப்ப, டேங்குக்கு அடியில இருக்குற வால்வை யார் தேய்க்கிறது?"

அதிகாரி தன் காகிதங்களைப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து, உறுதியாகச் சொன்னார். "அது ஓட்டுறவங்க பொறுப்பு மேடம். எங்க வேலை கரையோட முடிஞ்சுது."

அந்த அம்மா எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதி முடித்து முத்திரை வைத்து அக்காவிடம் நீட்டினார். லைசென்ஸ் அவளிடமே இருக்கலாம். பித்தளை வால்வைக் கழற்றிவிட்டு ஸ்டீல் போட்டுக்கொள்ளலாம். வெளியே வந்ததும் அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

அலுவலக ரகசியமான மெமோவை வெளியாளிடம் காட்டியதற்காக அடுத்த வாரம் என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணத்தை வாயால் சொன்னார்களே தவிர, கடிதத்தில் எதுவும் இல்லை. இனி எந்த மெமோவிலும் காரணம் எழுதக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்களாம். என் இடத்துக்கு ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள். என்னைவிட நன்றாகத் தேய்க்கிறது என்று கேள்விப்பட்டேன். பொறாமையாகத்தான் இருந்தது.

இப்போது அக்காவின் படகில் கயிறு பிடிக்கிறேன். ஸ்டீல் வால்வு மாட்டிய முதல் வாரம், ஒரு சாயங்காலம், பாலம் வழியாகச் சுற்றி அக்கரைக்குப் போகும் பஸ் வரவில்லை. துறையில் நின்ற கூட்டத்தில் நிறம் பார்க்கும் அதிகாரியும் இருந்தார். அக்கரையில்தான் அவர் வீடு. என்னைப் பார்த்ததும் ஆற்றைப் பார்த்தார். கூட்டம் ஏறி முடிந்த பிறகு, ஒரு காலைத் துறையிலும் ஒரு காலைப் படகிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

"வால்வு மாத்திட்டீங்களாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"மாத்திட்டேன் சார். ஸ்டீல்."

"அதுக்கு எங்க சான்று இருக்கா?"

"இல்ல சார்."

அவர் கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்த்தார். அன்று நீரோட்டம் வேகமாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா. சான்று இல்லங்குறது நிச்சயம்தானே?"

"சத்தியமா இல்ல சார்."

அவர் இரண்டாவது காலையும் உள்ளே எடுத்து வைத்தார்.